எக்ஸ் கதிர் வெடிப்புத் தரவில் சறுக்கும் இடங்கள்

நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த கரு) தன் துணை விண்மீனிடமிருந்து ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் உறிஞ்சி மேற்பரப்பில் அடுக்கிக்கொண்டே போகும். அழுத்தமும் வெப்பமும் அளவு மீறியதும் அடுக்கின் அடியில் அணுக்கரு இணைவு பற்றிக்கொள்ளும். சில விநாடிகளில் எக்ஸ் கதிர் எகிறும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். இது முதல் வகை வெடிப்பு. நிதானமாக ஒளிரும் பொருளை அலசும் பழக்கத்தோடு இதைத் தொட்டால்தான் வம்பு.

எகிறியதெல்லாம் அணுக்கரு வெடிப்பு அல்ல. 1976இல் கண்டறியப்பட்ட ‘ரேப்பிட் பர்ஸ்டர்’ என்ற நியூட்ரான் விண்மீன் சில விநாடி இடைவெளியில்கூட அடுத்தடுத்து வெடிக்கும்; அவற்றில் பெரும்பாலானவை வந்து விழும் பொருளின் ஓட்டம் தடுமாறுவதால் வரும் இரண்டாம் வகை. ஒளி வளைவின் (நேரத்தோடு ஒளிர்வு மாறுவதைக் காட்டும் வரைபடம்) வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். அடங்க அடங்க வெப்பநிலை இறங்கினால் முதல் வகை என்று துணிந்து சொல்லலாம்.

சரி, வெடித்தது நீங்கள் குறிவைத்த பொருள்தானா? ரேப்பிட் பர்ஸ்டரிலிருந்து சுமார் அரை டிகிரி தள்ளி 4யு 1728-34 என்ற இன்னொரு நியூட்ரான் விண்மீன் இருக்கிறது. அதுவும் வெடிக்கிற ஆள்தான். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள எக்ஸ் கதிர் கருவியான லாக்ஸ்பிசி போன்ற படமெடுக்காத கருவியின் பார்வைப் புலமோ சுமார் ஒரு டிகிரி. ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுக்காரர் வெடித்திருப்பார்.

ஒரே வெடிப்பை இரண்டாக எண்ணிவிடுவதும் உண்டு. வலுவான வெடிப்பில் ஒளிர்வு எடிங்டன் வரம்பைத் (கதிர்வீச்சின் தள்ளல் ஈர்ப்புக்குச் சமமாகும் அளவு) தொட்டதும் வெளியடுக்கு ஊதிப் பெருக்கும், வெப்பநிலை விழும், கதிர்வீச்சு கருவி பார்க்கும் ஆற்றலுக்குக் கீழே நழுவும். உயர் ஆற்றல் வளைவில் நடுவே பள்ளம் விழ, இரட்டைச் சிகரம் தெரியும். முழு வெடிப்புக்கும் ஒரே நிறமாலை (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர்வீச்சு என்ற பிரிப்பு) எடுத்தால் இது பிடிபடாது. அரை விநாடி, கால் விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் நிறமாலைக்கும் கரும்பொருள் மாதிரியைப் (வெப்பத்தால் மட்டும் ஒளிரும் பொருளின் நிறமாலை) பொருத்துங்கள்: மொத்தப் பாயம் (நம்மை வந்தடையும் கதிர்வீச்சின் அளவு) ஏறக்குறைய நிலையாக நிற்க, ஆரம் கூடி வெப்பநிலை குறையும். இந்த உச்சத்தை வைத்துத் தொலைவு கணக்கிடுவோர் வெளியடுக்கில் ஹைட்ரஜன் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதைப் பொறுத்துத் தொலைவு 30 சதவீதம்வரை மாறும்.

கரும்பொருள் மாதிரியைப் பொருத்தி நியூட்ரான் விண்மீனின் ஆரம் வெறும் 5 கி.மீ. என்று வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். பொருத்தத்தில் கிடைப்பது நிற வெப்பநிலை, அதாவது நிறமாலையின் வடிவம் காட்டும் வெப்பநிலை. அது உண்மை வெப்பநிலையைப் போல 1.4 மடங்கு இருந்தாலே ஆரம் பாதியாகத் தெரியும்.

உச்சியில் கருவிக்கும் மூச்சு முட்டும். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் பிறகு லாக்ஸ்பிசி சுமார் 42 மைக்ரோ விநாடி கண்ணை மூடும். கருவியின் ஓர் அலகில் விநாடிக்கு 5000 ஃபோட்டான்கள் பதிவானால் ஐந்தில் ஒரு பங்கு நேரம் போச்சு. இந்த ‘டெட் டைம்’ திருத்தத்தை விட்டால் உச்சப் பாயமும் அதிலிருந்து வரும் தொலைவும் தப்பாகும்.

அப்புறம், வெடிப்புகளுக்கு இடையேயான இடைவெளிக் கணக்கு. தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும். பொருளைப் பூமி மறைக்கும் நேரத்தில் நடந்த வெடிப்பு தரவில் இருக்காது. 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வெடிப்புகள் கிடைத்தால், உண்மை இடைவெளி 6 அல்லது 4 மணியாகவும் இருக்கலாம். தரவில் வெற்றிடம் எங்கெங்கே என்று குறித்துவிட்டு, அந்த நேரங்களில் வெடிப்பு விழுந்திருக்க முடியுமா என்று பார்த்த பிறகே எண்ணை எழுதுங்கள்.