க்ரீக் கான்செர்ட்டோ: டிராக்கோடு சுருதி சேராமல் ஐந்து நாள்

பாளையங்கோட்டை வீட்டில் டிஜிட்டல் பியானோவில், நார்வே இசையமைப்பாளர் க்ரீக் 1868இல் எழுதிய ஏ மைனர் கான்செர்ட்டோவை (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), ஆர்கெஸ்ட்ரா மட்டும் பதிவான டிராக்கோடு பழகுகிறேன். முதல் பகுதி எப்படியோ ஓடிவிடும். மெதுவான இரண்டாம் பகுதியில் வயலின்கள் நீட்டிப் பிடிக்கும்போது என் வாசிப்பு கசந்தது.

புளூடூத் தாமதம் என்று வயர் போட்டேன். தாளம் நேரானது, கசப்பு போகவில்லை. ஸ்பீக்கர் மாற்றியும் அதே கதை. டிராக்கை அரை சுரம் இறக்கினால் இன்னும் மோசம்.

ஆச்சிதான் சொன்னார்: "என்னல, ரெண்டு தம்புரா சண்ட போடுத மாதிரி கேக்கு?"

டிராக்கின் தொடக்கத்தில் ஓபோ என்ற குழல் வாத்தியம் ஒரு ஏ சுரம் பிடிக்கும். சுருதி சேர்க்கவே அது. நான் தினமும் தாண்டிவிடுவேன். அதை லூப்பில் ஓடவிட்டு அதே ஏ கட்டையை அழுத்தினேன். 'வோ... வோ...' என்று நொடிக்கு இரண்டு அலை. பியானோவின் ஏ 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வு; இரண்டு சுரத்துக்கும் எத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசமோ, நொடிக்கு அத்தனை அலை. டியூனிங்கை 441 ஆக்கினேன், நொடிக்கு ஒன்று. 442இல் அலை அப்படியே அடங்கியது. ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராக்கள் பல 442, 443 வைப்பதுண்டு.

இரண்டாம் பகுதி இப்போது வயலின்களோடு இழைகிறது, அப்பாடா! ஒன்று மட்டும்: என் பியானோவை அணைத்தால் மறுபடி 440தான். ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும்.