மூச்சுச் சோதனைக் கருவி காட்டும் எண்ணை நீதிமன்றத்தில் மறுப்பது எப்படி?

காரைக்காலிலிருந்து நாகூருக்கும் திருநள்ளாற்றிலிருந்து பேரளத்துக்கும் வரும் சாலைகளில் குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று பார்க்கும் மாலை நேர வாகனத் தணிக்கை டெல்டாக்காரர்களுக்குப் புதிதன்று. ஊதிய கருவியில் தோன்றிய எண்ணையே தீர்ப்பாகக் கருதிப் பலர் உடனே நீதிமன்றத்தில் அபராதம் கட்டிவிடுகிறார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். நெல் மூட்டை ஏற்றிப் பிழைக்கும் மினி லாரி ஓட்டுநருக்கு அதனால் உரிமமே பறிபோகலாம். இதை எழுதுவது அவருக்காகவே தவிர, குடித்துவிட்டு ஓட்டியவரைக் காப்பாற்றுவதற்காக அன்று.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185இன்படி, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குடித்துவிட்டு ஓட்டிய குற்றமாகும். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால், கருவி அளப்பது இரத்தத்தை அன்று, மூச்சை. மூச்சிலுள்ள அளவை 2,100 மடங்காகக் கணக்கிட்டு இரத்த அளவாகக் காட்டுகிறது. அந்த விகிதமோ ஆளுக்கு ஆளும், குடித்த பின் கழிந்த நேரத்தைப் பொறுத்தும் மாறக்கூடியது. எனவே 34 என்ற எண்ணில் இந்த வாதத்துக்கு வலு உண்டு. 130 என்ற எண்ணில் இல்லை.

தசமூலாரிஷ்டம் போன்ற ஆயுர்வேத அரிஷ்டங்கள், சில இருமல் மருந்துகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள் ஆகியவற்றில் ஆல்கஹால் உண்டு. அவற்றை உட்கொண்டவுடன் ஊதினால் வாயில் தங்கிய ஆவியே பதிவாகிவிடும் என்பதால், குறைந்தது 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதச் செய்யும்படி அங்கேயே கேளுங்கள். ஊத மறுக்காதீர்கள், தக்க காரணமின்றி மறுத்தால் பிரிவு 205 அதை உங்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது.

நிறுத்தப்பட்ட நேரம், ஊதிய நேரம், கைது செய்யப்பட்ட நேரம், மருத்துவர் பார்த்த நேரம் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள்; பெரும்பாலும் வழக்கின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 202. அதனால் மட்டும் வழக்கு விழுந்துவிடாது என்றாலும், தாமதம் சாட்சியத்தைப் பலவீனமாக்கும்.

வழக்கறிஞர் மூலம் கேட்டுப் பெற வேண்டிய ஆவணங்களில் முதலாவது, கருவி அச்சிட்ட சீட்டு. அதிலுள்ள வரிசை எண்ணும், கருவி சரியாக அளக்கிறது என்று காட்டும் அளவீட்டுச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, சான்றிதழ் அன்றைக்குச் செல்லுபடியானதா, உங்களுக்கு முன் வெற்றுக் காற்றில் சோதித்து பூஜ்ஜியம் காட்டியதா, அந்த வகைக் கருவி மத்திய அரசு அறிவிக்கையில் அங்கீகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். இரத்தம் எடுத்திருந்தால், தோலைத் துடைக்க ஸ்பிரிட் பயன்படுத்தினார்களா, குப்பியில் இரத்தம் கெட்டு நொதிக்காமல் காக்கும் சோடியம் ஃப்ளோரைடு இருந்ததா, முத்திரை குலையாமல் ஆய்வகம் சேர்ந்ததா என்பனவற்றை மருத்துவரையும் ஆய்வகப் பகுப்பாய்வாளரையும் குறுக்கு விசாரணை செய்து வெளிக்கொணரலாம்.

அடிப்படைக் குறை ஆவணத்திலேயே தெரிந்தால், வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னைக்கும் செல்ல வேண்டும்.