சின்ன அலுவலகத்துக்கு இன்டர்நெட் போன்: கருவி வாங்கும் முன் லைனைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகம், மூலையில் பழைய இபிஏபிஎக்ஸ் (அலுவலகத்துக்குள் கால்களை இணைக்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச்) பெட்டி, மழை பெய்தால் கரகரக்கும் லேண்ட்லைன். இதை இன்டர்நெட் போனாக மாற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பான டிஸ்ப்ளே வைத்த போனைத்தான். அதைக் கடைசியில் பாருங்கள். வரப்போகிற தலைவலியில் முக்கால்வாசி போனில் இல்லை, ரூட்டரில் இருக்கிறது.

முதலில் லைன். குரலை டிஜிட்டலாக மாற்றும் முறைக்கு கோடெக் என்று பெயர்; பரவலாகப் பயன்படும் ஜி.711 கோடெக்கில் ஒரு காலுக்குப் போக சுமார் 87 கேபிபிஎஸ், வர அதே அளவு. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. ஆகவே போனுக்காகவே பெரிய பிளானுக்கு மாறச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். லைன் சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வேலை மும்முரமான நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று காட்டும் கட்டளை) கொடுத்து அரைமணி நேரம் நிற்காமல் ஓடவிடுங்கள். 20, 22, 21 மில்லிசெகண்ட் என்று வந்தால் நல்லது. 20, 180, 35, நடுவில் ஒரு 'டைம்ட் அவுட்' என்று குதித்தால், பேசும்போது குரலும் அப்படியே குதிக்கும். பெரும்பாலும் அப்லோடை யாரோ தின்றுகொண்டிருப்பார்கள்: சிசிடிவி பதிவு கிளவுடுக்கு ஏறும், அல்லது டேலி பேக்கப் ஓடும். ரூட்டரில் க்யூஓஎஸ் என்ற வசதியைப் போட்டு போனுக்கு முதலிடம் கொடுங்கள். மேசை போன்களை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் மாட்டுங்கள். பிஓஇ ஸ்விட்ச் இருந்தால் கரண்டும் அந்தக் கேபிளிலேயே வந்துவிடும்.

அதே ரூட்டரில் இன்டர்நெட் கால்களின் தகவலை வழியில் திருத்தி அனுப்பும் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற செட்டிங் இருக்கும், அணைத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று வந்து கெடுக்கும் ரகம் அது. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

அப்புறம், கால்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் அலுவலகத்திலேயே சொந்தப் பெட்டியா, கிளவுடா? ஆஸ்டரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ் இரண்டுமே அந்த எக்ஸ்சேஞ்ச் வேலைக்கான இலவச மென்பொருள்தான், ஒரு பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும். ஆனால் ராத்திரி அது படுத்துவிட்டால் எழுப்ப ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லை என்றால் யோசிக்காமல் கிளவுட் சேவைக்குப் போங்கள். எதுவானாலும், ஆளுக்கொரு சேனல் (ஒரு நேரத்தில் ஒரு வெளிக் கால் போகும் வழி) வாங்க வேண்டாம். ஒரே நேரத்தில் வெளியே எத்தனை பேர் பேசுவார்கள் என்பதே கணக்கு, பதினைந்து பேருக்கு நாலைந்து சேனல் பெரும்பாலும் தாராளம்.

நம்பர் விஷயத்தில் கவனம். மொபைல் நம்பரைப் போல லேண்ட்லைன் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இந்தியாவில் இல்லை. போர்டிலும் பில்லிலும் அச்சடித்த பழைய நம்பர் வேண்டுமென்றால் எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற சின்னப் பெட்டி மூலம் அந்த லைனைப் புதிய சிஸ்டத்தில் கோத்துவிடலாம். புது நம்பரை உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்தே எடுங்கள். வெளிநாட்டுக் கால்களை சிம் பாக்ஸ் (நிறைய சிம் கார்டுகள் செருகிய பெட்டி) வழியாக மலிவாக இறக்கித் தருகிறோம் என்று வருகிறவர்கள் நடத்துவது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச், போலீஸ் கேஸ் ஆகிற சமாச்சாரம்.

எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்டர்நெட் போன் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்தால், அதைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி புரோகிராம்கள் கண்டுபிடித்து விடியற்காலையில் ஏதோ ஒரு நாட்டுக்குக் கால் போட்டுத் தள்ளும், பில் உங்கள் தலையில். ஐஎஸ்டி தேவையில்லை என்றால் கம்பெனியிடமே சொல்லிப் பூட்டிவிடுங்கள்.

'விற்பனைக்கு எண் ஒன்றை அழுத்தவும்' குரலில் மூன்று தேர்வுக்கு மேல் வேண்டாம். பம்புக்கு ஸ்பேர் கேட்டுக் கூப்பிடுகிற ஆள் ஆறாவது தேர்வு வரை காத்திருக்க மாட்டார்.

கரண்ட் போனால்? பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, ஃபைபரில் அது கிடையாது. ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் பெட்டி), ரூட்டர், ஸ்விட்ச் மூன்றையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். இன்டர்நெட்டே போய்விட்டால் கால் தானாக ஒரு மொபைலுக்குத் திரும்பும்படி முதல் நாளே செட் செய்து, ரூட்டர் ஒயரைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள்.

ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும். பிறகு தேவைப்படாத லேண்ட்லைன்களை சரண்டர் செய்யும்போது, கட்டிய டெபாசிட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.