முதுகை நீவிவிடும்போது நாம் செய்யும் தவறுகள்

முதுகு பிடித்துக்கொண்டால் வீட்டிலிருக்கும் சின்னப் பையனைக் கூப்பிட்டு, "ஏறி மிதிடா" என்று குப்புறப் படுத்துக்கொள்வது நம் வீடுகளில் பழைய வழக்கம். மிதித்து முடித்ததும் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் 25 கிலோ எடை ஒரு குதிகால் வழியாக எங்கே இறங்குகிறது என்று இருவருக்குமே தெரியாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். மிதித்தால் முள்ளெலும்பே நசுங்கிப்போகலாம்.

நீவ வேண்டியது சதையை. நடுமுதுகில் மேடு மேடாகத் தட்டுப்படும் எலும்பு வரிசையை விட்டுவிட்டு, இரு பக்கமும் இரண்டு விரற்கடை தள்ளி நெடுக ஓடும் சதையில் கை வையுங்கள். எடுத்த எடுப்பில் கட்டைவிரலால் குத்தி அழுத்தாதீர்கள். முதல் சில நிமிடம் உள்ளங்கையை முழுதாகப் படியவைத்து, இடுப்பிலிருந்து தோள்வரை மெதுவாக நீவினால் போதும். சதை கொஞ்சம் இளகியபின் பிசையலாம். விரல் வலிமையை நம்பாமல், உடம்பை முன்னால் சாய்த்து அந்த எடையை உள்ளங்கையின் அடிப்பகுதி வழியாகக் கொடுத்தால் நீவுகிறவர் கையும் தப்பிக்கும்.

"வலிச்சாத்தான் விடும்" என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வலி பொறுக்க முடியாமல் போனால் சதை இன்னும் இறுகும். படுத்திருப்பவர் பேச்சை நிறுத்தி மூச்சை இழுத்துப் பிடித்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் லேசான வலி இருப்பது சகஜம்; கன்றிப்போய் நீலம் பாய்வது சகஜமில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மேலோட்டமாக நீவுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முதுகில் கடைசி விலா எலும்பை ஒட்டிய பகுதிக்கு உள்ளே சிறுநீரகங்கள் இருக்கின்றன. அங்கே ஓங்கித் தட்டுவதும் மசாஜ் கன் என்ற அதிர்வுக் கருவியை அழுத்திப் பிடிப்பதும் வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் பெரிய சூட்சுமம் எதுவுமில்லை. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, கை வழுக்கிப் போக உதவினால் சரி. சூட்டை மணிக்கட்டில் சோதித்துவிட்டுத் தடவுங்கள். எரியும் தைலம் தடவிய இடத்தில் மட்டும் உடனே சுடுநீர்ப் பையை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

சலூனில் முதுகைத் தட்டிக் கொடுத்து, கடைசியில் தலையைப் பிடித்து 'டக்'கென்று கழுத்தைத் திருப்புவார்களே, அதற்கு மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் உண்டு. அந்தத் திருப்பில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

பலன் என்ன? சதைப்பிடிப்பு தளரும், வலி கொஞ்ச நாள் குறையும், மனம் அமைதியாகும், சிலருக்குத் தூக்கம் நன்றாக வரும். நாள்பட்ட இடுப்புவலிக்கு 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சியோடு மசாஜும் இடம்பெற்றது. மசாஜை மட்டும் செய்துவிட்டு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வலி திரும்பி வரும். 'நச்சுக் கழிவு வெளியேறும்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

சில வலிகளில் கையே வைக்கக்கூடாது. விழுந்து அடிபட்டபின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி ஆகியவற்றுக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள். கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.