சிங்கப்பூருக்குப் படிக்க வர்றவங்க பண்ணக்கூடாத தப்புங்க

வெளிநாட்டுல படிச்சாலே நாலு விதமான ஜனங்களோட பழகத் தானா வந்துடும்னு நிறைய பேர் நம்புறாங்க, வராதுங்க. சாப்பாடு லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா மார்க்கெட்ல, ரூம் நம்ம ஊர் பசங்களோட, லீவு விட்டா சென்னை ஃப்ளைட்டுன்னே இருந்துட்டு, மலாய்க்காரங்க வீடு ஒண்ணுலகூட கால் வைக்காம டிகிரியோட திரும்பிப் போறவங்க இங்க ஏராளம், பார்க்கவே கஷ்டமா இருக்கும்.

இப்படி வேற கலாச்சாரத்து ஜனங்களோட பழகுற திறமையைக் கல்ச்சுரல் இன்டெலிஜென்ஸ்னு 2003ல புத்தகமா எழுதினவங்க கிறிஸ்டோபர் எர்லியும் சூன் ஆங்கும், இதுல சூன் ஆங் நம்ம சிங்கப்பூர் நன்யாங் டெக்னலாஜிக்கல் யூனிவர்சிட்டி ப்ரொஃபசர். அவங்க சொல்றபடி ஒரு ஊரைப் பத்தி விவரம் தெரிஞ்சா மட்டும் பத்தாது, பழகணும்னு ஆசை வேணும், பழகுறப்பவே நாம நினைச்சது சரிதானான்னு யோசிக்கணும், அதுக்கேத்த மாதிரி நடந்துக்கவும் தெரியணும்.

நம்ம ஆளுங்க ரொம்ப சறுக்குறது சீனவங்ககிட்ட இல்ல, இங்க இருக்கிற தமிழங்ககிட்டதான். தமிழ் இங்க ஆட்சிமொழி, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் போர்டுலயும் தமிழ் இருக்கு, அதனால எல்லாம் நம்ம ஊர் மாதிரியேன்னு தோணிடுது. கூடப் படிக்கிற பையன்கிட்ட சொந்த ஊர் எதுன்னு கேட்டா இங்கயே இருக்கிற ஈசூன்னு சொல்வான், உடனே "அது சரி, உண்மையான ஊர் எது?"ன்னு மறுபடி கேக்காதீங்க. அவன் தாத்தாவே இங்க பொறந்திருப்பாரு, அவன் ரெண்டு வருஷம் நேஷனல் சர்வீஸ் (ராணுவம், போலீஸ் மாதிரி கட்டாய சேவை) முடிச்சிட்டு வந்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கான், அவனுக்கு இதுதான் ஊர். ஊரை விசாரிச்சு, அப்பா பேரை விசாரிச்சு ஜாதியை மோப்பம் பிடிக்கிற பழக்கத்தை ஏர்போர்ட்லயே விட்டுட்டு வாங்க. அவங்க தமிழைக் கிண்டல் பண்ணா அடுத்த நிமிஷம் இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க, அப்புறம் உங்ககிட்ட தமிழ்ல பேசவே மாட்டாங்க.

சீனவங்க எல்லாரையும் ஒரே கூட்டமா பார்க்கிறதும் தப்பு, சிங்கப்பூர்ல பொறந்தவங்க, மலேசியாவுல இருந்து வந்தவங்க, சீனாவுல இருந்து படிக்க வந்தவங்கன்னு மூணு பேருக்கும் வளர்ப்பே வேற. க்ரூப் ப்ராஜெக்ட்ல ஒருத்தர் வாயைத் திறக்கலன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க, எல்லார் முன்னாடியும் மறுத்துப் பேசக் கூச்சமா இருக்கலாம், மீட்டிங் முடிஞ்சதும் தனியா வாட்ஸ்அப்ல கேட்டுப் பாருங்க, நிறைய சொல்லுவாங்க.

ஹாக்கர் சென்டர்ல (நிறைய சாப்பாட்டுக் கடை ஒண்ணா இருக்கிற இடம்) 2021 செப்டம்பர்ல இருந்து சாப்பிட்ட ட்ரேயை நாமளே கொண்டுபோய் வைக்கணும், இல்லன்னா ஃபைன் கூட வரலாம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா பல இடத்துல ஹலால் ட்ரேக்குத் தனி ரேக் இருக்கும், பன்றிக்கறி சாப்பிட்ட தட்டை அவசரத்துல அதுல சொருகிட்டு வந்துடாதீங்க, கூட வந்த முஸ்லிம் ஃப்ரெண்டு ஒண்ணும் சொல்லாம இருந்தாலும் மனசுக்குள்ள வருத்தப்படுவாங்க.

ஆகஸ்ட்ல செமஸ்டர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஓரியன்டேஷன் கேம்ப் இருக்கும், வீட்டுல வேணாம்னாலும் பேசிப் புரிய வச்சுப் போங்க, நம்ம ஆளுங்க யாருமே இல்லாத க்ரூப்புல போட்டாங்கன்னா மாத்திக் குடுங்கன்னு மட்டும் போய் நிக்காதீங்க.