பழைய பிக்கப்பின் மங்கல் ஹெட்லைட்டுக்கு ரிலே

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இருட்டோடு தக்காளி ஏற்றிப் போகிறவன் நான். பழைய பிக்கப்பில் வெளிச்சம் மங்கினால் பலரும் 100 வாட் பல்பு மாட்டுகிறார்கள். ஹோல்டர் உருகி நாறுவதுதான் மிச்சம்.

முதலில் வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அப்புறம் பல்பு பின்னிலும் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றவாளி பல்பு அல்ல. இரண்டு 60 வாட் பல்பும் சேர்ந்து இழுக்கும் சுமார் 10 ஆம்பியர், டேஷ்போர்டு சுவிட்ச் வரை மெல்லிய ஒயரில் சுற்றி வருகிறது. வழியிலேயே தெம்பு குறைந்துவிடும்.

இதற்கு மருந்து ரிலே: பழைய ஒயரின் சின்ன கரண்ட்டில் இயங்கி, பேட்டரியின் பெரிய கரண்ட்டை நேராக பல்புக்கு விடும் சுவிட்ச். சரி, வேலை. பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு 12 வோல்ட் ரிலே. ரிலேயின் ஒவ்வொரு பின்னிலும் எண் இருக்கும். 30ஆம் பின்னுக்கு பேட்டரி பிளஸிலிருந்து 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர். பேட்டரியை ஒட்டியே 20 ஆம்பியர் ஃபியூஸ். இதைத் தவிர்ப்பவர் வண்டியைக் கொளுத்தத் தயாராக இருக்கிறார் என்று அர்த்தம். 87 புது ஹோல்டருக்கு. பழைய ஹோல்டரின் டிம், பிரைட் ஒயர்கள் அந்தந்த ரிலேயின் 86க்கு, 85 எர்த்துக்கு. பழைய ஹோல்டரில் எர்த் பின் நிரந்தரமாக பாடியோடு சேர்ந்திருந்தால்தான் இந்த இணைப்பு பொருந்தும். மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

எர்த் போல்ட் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரிந்த பிறகே முடுக்குங்கள். ரிலேயைப் பின்கள் கீழே பார்க்க மாட்டினால் மழைத்தண்ணீர் தேங்காது.