ரண்டி சவேஜைத் தோல்விகளிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

என் அண்ணாவின் மகனுக்கு 13 வயது. சென்ற ஏப்ரல் விடுமுறையில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். "மாமி, ரண்டி சவேஜ் என்று ஒரு ரெஸ்லிங் வீரர் இருந்தாராமே, அவரை எதிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?" என்று கேட்டான். கேட்கும்போதே அவனுடைய கைத்தொலைபேசியில் ஒரு காணொளி ஓடிக்கொண்டிருந்தது. மேல் கயிற்றில் ஏறி நின்று பாய்ந்து முழங்கையால் இடிக்கும் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். சோறும் குழம்பும் இல்லாமல் பொரித்த மிளகாயை மட்டும் தின்பது போன்றது அது.

அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வழியையே இங்கே எழுதுகிறேன். சவேஜ் வென்ற இரவுகளை முதலில் தேடாதீர்கள். அவர் தோற்ற இரவுகள் மூன்று இருக்கின்றன: 1987, 1989, 1991. அந்த வரிசையில், ஒரு நாளைக்கு ஒன்றாக, தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாருங்கள். அந்த மனிதரின் முழு உயரமும் அந்த மூன்றில்தான் தெரியும்.

அப்பா ஜம்பட்டா வீதிப் பக்கம் வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கணக்குக் கொப்பி என் கைக்கு வரும். படங்கள் மேல் தட்டுகளில். ரெஸ்லிங் கசெட்டுகள் கீழ்த் தட்டில். அவை வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டிகளில் வந்தவை. லண்டனிலிருந்து வந்தவை எங்கள் டெக்கில் நிறத்தோடு ஓடும். கனடாவிலிருந்து வந்தவை வேறு முறையில் பதிவானவை. கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். சவேஜை நான் முதலில் கண்டது அப்படித்தான். அவருடைய அங்கிகளின் இளஞ்சிவப்பையும் தங்கப் பளபளப்பையும் பின்னரே அறிந்தேன். நிறம் இல்லாமலேயே அவர் என்னைப் பிடித்து இருத்திவிட்டார் என்பதை இன்றும் பெருமையோடு சொல்வேன்.

பார்க்க உட்காரும் முன் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுங்கள். "இதெல்லாம் பொய்தானே?" என்று யாராவது கேட்பார்கள். மருமகனும் கேட்டான். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பது உண்மை. இந்தப் போட்டிகளை நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க நிறுவனமே 1989 இல் நியூ ஜேர்சி மாநில செனட்டிடம், தாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்கள் கடையில் இதே கேள்வி எழுந்தபோது அப்பா சொன்ன பதில் எனக்குப் போதுமானது. அவர் மட்டக்களப்பார். "அபிமன்யு சாவான் என்று தெரிந்துகொண்டுதானே விடிய விடிய கூத்தாடும் வட்டக்களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம்? எப்படிச் சாகிறான் என்று பார்க்கத்தானே போகிறோம்?" என்றார்.

ஆகவே கூத்துப் பார்க்கும் கண்ணோடு பாருங்கள். கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவு உண்டு. அரசன் வரும் தாளம் வேறு, சேவகன் வரும் தாளம் வேறு. சவேஜின் வரவும் அப்படியே. அமெரிக்கப் பட்டமளிப்பு விழாக்களில் ஒலிக்கும் கம்பீரமான அணிநடை இசை எழும். சுட்டுவிரலை உயர்த்திச் சுழன்று சுழன்று வருவார். அவருடைய மேலாளராகத் தோன்றும் மிஸ் எலிசபெத் அவர் அருகே அமைதியாக நடந்து வருவார். தயவுசெய்து வரவை ஓட்டிவிடாதீர்கள். கதையின் பாதி அங்கேயே சொல்லப்பட்டுவிடும்.

முடிவு பேசிவைத்தது என்றாலும் விழுவது பேசிவைத்த விழுகையாக இருக்க முடியாது. ரிங்கின் கித்தான் துணிக்கு அடியில் மெல்லிய பஞ்சு, அதன் கீழே மரப்பலகை, அதற்கும் கீழே இரும்புச் சட்டம். மேல் கயிற்றிலிருந்து பாய்கிறவர் இடுப்பிலும் பக்கவாட்டிலும் அந்த அதிர்ச்சியை ஏற்றுக்கொண்டு, கீழே கிடப்பவர் மீது எடை இறங்காமல் பார்த்துக்கொள்கிறார். கீழே கிடப்பவர் அந்தக் கணம் அவரை முழுமையாக நம்பிக் கிடக்கிறார். இது பல ஆண்டுப் பயிற்சி. சிறுவர்களோடு பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். என் அண்ணா 12 வயதில் அலுமாரியின் மேல் ஏறி மெத்தையில் பாய்ந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டான். அந்தத் தோள் இன்றும் மழைக்காலத்தில் நோகிறது என்கிறான்.

தோள் என்றதும் சவேஜின் தோளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அவருடைய இயற்பெயர் ரண்டல் மாரியோ பொஃபோ. 1952 நவம்பர் 15 இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் பிறந்தார். தந்தை அஞ்சலோ பொஃபோவும் மல்யுத்த வீரர். ஒரே மூச்சில் 6,033 முறை படுத்து எழும் பயிற்சி செய்து பெயர் பெற்றவர். மகனோ பேஸ்போல் வீரராக விரும்பினார். பெரிய அணிகளுக்கு ஆட்களைத் தயார்செய்யும் கீழ்நிலை அணிகளில் 1970களின் முற்பகுதியில் சில பருவங்கள் ஆடினார். வலது தோளில் காயம்பட்டபோது, பந்தை எறிய இடது கையைப் பழக்கிக்கொண்டார். ஒரு கை போனால் மறு கை என்ற அந்தப் பிடிவாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்போல் கைகூடவில்லை. தந்தை நடத்திய சிறிய மல்யுத்த நிறுவனத்தில் ஊர் ஊராக அலைந்தார். டபிள்யூ.டபிள்யூ.எஃப். அவரை 1985 இல் எடுத்தபோது வயது 32.

இனி முதல் இரவு. 1987 மார்ச் 29, மிச்சிகன் மாநிலத்தின் பொன்டியாக் சில்வர்டோம் அரங்கு, டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஆண்டுதோறும் நடத்திய பெருநிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியா 3. அறிவிக்கப்பட்ட பார்வையாளர் தொகை 93,173. பெரும்பாலானோர் ஹல்க் ஹோகனையும் ஆண்ட்ரே த ஜயன்டையும் காண வந்தவர்கள். எங்கள் கொப்பியிலும் அந்தக் கசெட்டை வாங்கியவர்கள் எல்லோரும் ஹோகன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஸ்டீம்போட்டைப் பற்றிப் பேசினார்கள்.

ரிக்கி ஸ்டீம்போட்டுடன் சவேஜ் மோதியது கால் மணி நேரத்துக்கும் குறைவு. கதை இது: சில மாதங்களுக்கு முன் சவேஜ் ரிங் மணியை எடுத்து ஸ்டீம்போட்டின் தொண்டையில் இறக்கிவிட்டார். மீண்டு வந்தவர் பழிதீர்க்க வருகிறார். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து வையுங்கள். நடுவர் தரையில் கையடித்து எண்ணத் தொடங்கி, போட்டியை முடிக்கும் மூன்றாம் எண் வருமுன் கிடப்பவரின் தோள் எழும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். பக்கம் நிரம்பும். ஒவ்வொரு கோட்டிலும் அரங்கு முடிந்துவிட்டது என்று நம்பி, பிறகு மூச்சு விடுகிறது. அந்த நம்பிக்கை தற்செயலாக எழுந்ததன்று. சவேஜ் அந்தப் போட்டியின் ஒவ்வொரு அசைவையும் எண்ணிட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார் என்று ஸ்டீம்போட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருவரும் மனப்பாடம் செய்து, பரீட்சைக்குப் படிப்பவர்களைப் போல ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்களாம். ரிங்கில் சரளமாகக் கதைத்தபடி சமாளிப்பதுதான் திறமை என்று பலர் எண்ணிய காலத்தில் ஒருவர் எழுதிப் படித்துக்கொண்டு வந்தார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஏட்டைக் கையில் வைத்துப் பழக்குவதைக் கண்டவர்களுக்கு இந்த உழைப்பு விளங்கும்.

முதல் முறை பார்க்கும்போது கண் ஸ்டீம்போட்டின் மீது போகும், அது இயல்பு. இரண்டாம் முறை சவேஜை மட்டும் பாருங்கள். ஸ்டீம்போட்டின் ஒவ்வொரு அடியையும் பெரிதாக்கிக் காட்டுகிறவர் அவர். தூக்கி எறியப்படுகிறார், கயிற்றில் சிக்குகிறார், திகைக்கிறார். கடைசியில் தோளைத் தூக்க முடியாமல் 414 நாள் வைத்திருந்த, உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலையிலுள்ள இன்டர்கொன்டினென்டல் பட்டத்தை இழக்கிறார். அடி கொடுப்பவனுக்கு அடி வாங்குபவன்தான் பெயர் வாங்கிக் கொடுக்கிறான். இதைக் காணக் கண் பழகினால் போதும், மற்ற இரு இரவுகளும் தாமாகத் திறந்துகொள்ளும்.

இடையில் 1988 மார்ச் 27, ரெஸ்ல்மேனியா 4. அட்லாண்டிக் சிட்டியில் ஒரே இரவில் நான்கு போட்டிகளில் மோதி, கடைசியில் டெட் டிபியாஸியை வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றார். நேரம் இருந்தால் இறுதிப் போட்டியை மட்டும் பாருங்கள். நீளமான நிகழ்ச்சி அது. எனக்கே பல இடங்களில் அலுப்புத் தட்டியது.

இரண்டாம் இரவு 1989 ஏப்ரல் 2, ரெஸ்ல்மேனியா 5, ஹோகனுக்கு எதிராக. இதற்கு முன் அதே ஆண்டு பெப்ரவரியில் ஹோகனும் சவேஜும் ஓரணியாக நின்ற போட்டியைப் பார்த்தே ஆக வேண்டும். சவேஜ் வெளியே எறியப்பட்டு எலிசபெத் மீது விழுகிறார். மயங்கிய எலிசபெத்தை ஹோகன் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடுகிறார். ரிங்கில் சவேஜ் தனியே அடி வாங்குகிறார். எல்லோரும் ஹோகனின் இரக்கத்தைப் பார்த்தார்கள். சவேஜின் முகத்தைப் பாருங்கள். நண்பன் மீது சந்தேகம் விழுந்தவனின் முகம் எப்படி இறுகும் என்பதை அவ்வளவு உண்மையாகக் காட்டியவர்கள் குறைவு. அந்தப் பொறாமை தப்பு என்று தெரியும். ஆனாலும் அவருக்காக மனம் நோகும். ரெஸ்ல்மேனியாவில் தன் முழங்கை அடியை ஹோகன் மீது இறக்குகிறார். அதற்குப் பிறகும் ஹோகன் எழுகிறார். 371 நாள் பட்டம் முடிகிறது.

மூன்றாம் இரவுக்கு அவசரப்படாதீர்கள். 1991 மார்ச் 24, லொஸ் ஏஞ்சலிஸ், ரெஸ்ல்மேனியா 7. அல்டிமேட் வாரியருக்கு எதிராக. தோற்றவர் ஓய்வுபெற வேண்டும். இப்போது எலிசபெத்தின் இடத்தில் சவேஜுடன் இருப்பவர் ஷெரி. எலிசபெத் பார்வையாளர் மத்தியில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பதைக் கமெரா தொடக்கத்திலேயே காட்டும். அந்த முகத்தை மறக்காதீர்கள். வாரியர் பலசாலி, ஆனால் நீண்ட போட்டிகளில் மூச்சு வாங்குகிறவர். அவரை இருபது நிமிடம் கூட்டிச்சென்று அவருடைய வாழ்நாளின் சிறந்த போட்டியாக ஆக்கிக் கொடுத்தவர் சவேஜ் என்பதே என் உறுதியான எண்ணம். ஐந்து முறை தொடர்ந்து மேலிருந்து பாய்கிறார். ஐந்துக்குப் பிறகும் வாரியர் எழுகிறார். சவேஜின் கண்களில் அப்போது எழும் அச்சத்துக்காகவே இந்தப் போட்டியை எத்தனை முறையும் பார்க்கலாம். கடைசியில் வாரியர் ஒற்றைக் காலை மார்பில் வைத்து வெல்கிறார்.

போட்டி முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஷெரி ஆத்திரத்தில், விழுந்து கிடக்கும் சவேஜை உதைக்கிறார். எலிசபெத் ஓடி வந்து ஷெரியைத் தலைமுடியில் பிடித்து வெளியே எறிகிறார். தன்னைக் காத்தது யார் என்று சவேஜ் திரும்பிப் பார்க்கிறார். கூட்டத்தில் பெரியவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். பிறகு நான் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லி அனுப்பிய காட்சி வருகிறது: இத்தனை ஆண்டுகளாக எலிசபெத்தான் சவேஜுக்காகக் கயிற்றை விலக்கிப் பிடித்தார். அன்று சவேஜ் கயிற்றை விலக்கிப் பிடிக்கிறார்; எலிசபெத் முதலில் வெளியே போகிறார். அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து அந்த இடத்தை மட்டும் மறுபடி சுற்றிப் போடச் சொன்னாள்.

நிஜ வாழ்வில் அவர்கள் 1984 முதல் கணவன் மனைவி. 1992 இல் பிரிந்தார்கள். எலிசபெத் 2003 இல் காலமானார். சவேஜ் மறுபடி ரிங்குக்கு வந்தார், 1992 இல் ரிக் ஃபிளேயரை வென்று இரண்டாம் முறை உலகப் பட்டம் பெற்றார், பின்னர் போட்டியாளர் நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூவுக்குப் போனார். அந்தப் பிற்கால ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். உடல் ஒத்துழைக்கவில்லை என்பது தெரியும், பார்க்க மனம் வருந்தும். 2011 மே 20 அன்று புளோரிடாவில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பால் இறந்தார். வயது 58. நான்கு ஆண்டு கழித்து, டபிள்யூ.டபிள்யூ.இ. (டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தின் பிற்காலப் பெயர்) புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தபோது அவருடைய தம்பி லானி மேடையேறி அதைப் பெற்றுக்கொண்டார். அந்த உரையையும் பாருங்கள்.

அதன் பிறகு மறுபடி 1987க்குத் திரும்புங்கள். நானும் மருமகனும் திரும்பியிருக்கிறோம். ஆளுக்கொரு கொப்பியில் கோடு போட்டோம். அவனுடைய கணக்குக்கும் என்னுடையதற்கும் இரண்டு கோடு வித்தியாசம் வந்தது. நடுவரின் கை தரையைத் தொட்டதா இல்லையா என்பதில் தகராறு. ஞாயிற்றுக்கிழமை வருகிறான், அந்த இரண்டு இடங்களையும் மெதுவாக ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.